வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கார் பார்ட்ஸை வேலூர்ப் பக்கம் விற்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பல மாவட்டமாகிவிட்டது. ஆனால் கார் வைத்திருக்கும் வீட்டு மாடிப்படிக்கு அடியில் எட்டிப் பார்த்தால் எல்லா ஊரிலும் ஒரே காட்சிதான்: அலாய் மாட்டியபோது கழற்றிய இரும்பு வீல் நாலு, ஒரு பக்கம் கீறிய பம்பர், சாக்கில் சுற்றிய டைனமோ, எந்த வண்டியுடையது என்றே மறந்துபோன டெயில் லேம்ப். அதைத் தூக்கிப் போடவும் மனசு வராது, விற்கவும் வழி தெரியாது. அப்படிப்பட்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. தொழிலாகக் கடை நடத்துபவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

காயலான் கடையில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே, எதற்கு இவ்வளவு யோசனை?

காயலான் கடையில் உங்கள் பொருளுக்குப் பெயர் கிடையாது, எடை மட்டும்தான். நன்றாக ஓடும் டைனமோவும் கருகிப்போன டைனமோவும் அந்தத் தராசில் ஒரே விலைதான் போகும். ஹெட்லைட் மாதிரி பிளாஸ்டிக் பொருளென்றால் அந்த மதிப்புகூடக் கிடையாது. அதே ஹெட்லைட்டுக்காகக் குடியாத்தத்தில் ஒரு டிங்கர் (நசுங்கிய உடம்பைச் சரிசெய்யும்) கடைக்காரர் இரண்டு வாரமாக அலைந்துகொண்டிருக்கலாம். பழைய பார்ட்ஸ் விற்பதென்றால் அந்த ஆளைத் தேடிப் பிடிப்பதுதான். காயலான் கடைக்குக் கடைசியில் போகலாம், அது எங்கும் ஓடிவிடாது.

எந்த பார்ட்ஸுக்கு உண்மையிலேயே ஆள் இருக்கிறது?

உடம்புப் பகுதிகள்தான் முதலில் போகும். ஹெட்லைட், டெயில் லேம்ப், சைடு மிரர், கதவு, பானெட், டிக்கி, ஃபெண்டர். லேசாக இடித்துக்கொண்டு வரும் வண்டிகளுக்கு இவைதான் தேவைப்படும். புதிதாக வாங்கினால் பார்ட்ஸ் விலையோடு பெயின்ட் செலவும் சேரும். உங்களிடம் இருப்பது அதே வெள்ளை, அதே சில்வர் என்றால் வாங்குபவருக்குப் பெயின்ட் செலவு மிச்சம். அதனால் நிறத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து மின்சார வகையறா: டைனமோ, செல்ஃப் மோட்டார், வைப்பர் மோட்டார், பவர் விண்டோ மோட்டார், ஏசி கம்ப்ரசர். பழுதானாலும் இவற்றுக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கார்பன் பிரஷ், பேரிங் மாற்றி மறுபடியும் ஓட்டிவிடுவார்.

மூன்றாவது வகையைப் பலரும் கவனிப்பதில்லை. கம்பெனியே கடையைக் கட்டிவிட்டுப் போன, அல்லது உற்பத்தி நின்றுபோன வண்டிகளின் பார்ட்ஸ் அது. செவ்ரோலே 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மாருதி 800, அம்பாசிடர் இரண்டும் 2014-ல் நின்றன. ஆனால் வண்டிகள் இன்னும் ரோட்டில் ஓடுகின்றன. ஃபோர்டு ஃபிகோவின் ஒரு மிரர், செவ்ரோலே பீட்டின் ஒரு டெயில் லேம்ப் உங்களிடம் இருந்தால் பொறுமையாக விற்கலாம். தேவைப்படுகிறவர் தானே தேடி வருவார்.

போகாதவை எவை என்று கேட்டால்: கிளட்ச் பிளேட், பிரேக் பேட், ஃபில்டர், பெல்ட், தேய்ந்த புஷ். இவற்றுக்கெல்லாம் போட்டோ எடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சரி, முதலில் யாரிடம் கேட்பது?

உங்கள் மெக்கானிக்கிடம். அவரிடம் வண்டி விட்டுப் பழக்கம் இருந்தால் அவரே போனை எடுத்து நாலு பேருக்குச் சொல்லிவிடுவார். மெக்கானிக், டிங்கர், எலக்ட்ரீஷியன் மூவரும் ஒருவருக்கொருவர் பார்ட்ஸ் விசாரித்துக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அதில் உங்கள் படம் ஒன்று போனால் ஆற்காட்டிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் எட்டும். அவருக்கு ஒரு கமிஷன் கொடுங்கள். எவ்வளவு என்பதை விற்ற பிறகு பேசாமல் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. "அண்ணே, பார்த்துச் செய்யுங்க" என்று விட்டால் அப்புறம் இருவருக்குமே மனக்கசப்பு.

அடுத்தது உங்கள் வண்டி மாடலையே டாக்ஸியாக ஓட்டும் டிரைவர்கள். காட்பாடி ஜங்ஷன் வாசலிலும் பெரிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றியும் நிற்கும் வண்டிகளில் பாதி ஒரே இரண்டு மூன்று மாடல்கள்தான். ஸ்டெப்னி வீல், மிரர், டோர் ஹேண்டில் இவற்றுக்கு அவர்கள் நல்ல கிராக்கி. பழைய பார்ட்ஸ் கடைக்கு அதற்குப் பிறகு போங்கள். கடைக்காரர் வாங்கி வைத்து, ஆள் வரும்வரை காத்திருந்து விற்பவர், அதனால் குறைத்துத்தான் கேட்பார். அதில் தப்பில்லை. நாலு பொருளை ஒரே நாளில் தள்ளிவிட வேண்டுமென்றால் கடைதான் சரி.

என்ன விலை சொல்வது?

புதுக் கம்பெனி பார்ட்ஸ் என்ன விலை என்று அந்தக் கம்பெனியின் பார்ட்ஸ் கவுன்டரில் கேளுங்கள். அப்படியே வெளி மார்க்கெட்டில் கிடைக்கும் டூப்ளிகேட் என்ன விலை என்றும் கேளுங்கள். உங்கள் விலை இரண்டாவதைத் தாண்டினால் யாரும் வர மாட்டார்கள். என் கணக்குக்கு, நல்ல நிலையில் இருக்கும் ஒரிஜினலுக்குக் கம்பெனி விலையில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே கொடுத்துவிடலாம். உற்பத்தி நின்றுபோன வண்டி என்றால் பாதி வரை நிறுத்திப் பேசலாம்.

"நான் பன்னிரண்டாயிரம் கொடுத்து வாங்கினேன்" என்று பேரத்தில் சொல்லாதீர்கள். நீங்கள் கொடுத்த விலை வாங்குபவரின் கவலை இல்லை.

இந்த பார்ட் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பார்ட் நம்பரைத் தேடுங்கள். ஹெட்லைட் என்றால் பின்பக்கம் ஸ்டிக்கரில் இருக்கும். டைனமோவில் உடம்பில் ஒட்டியிருக்கும் லேபிளில். வார்ப்பிரும்பு, அலுமினியப் பொருளில் வார்ப்பிலேயே எழுந்து நிற்கும். அழுக்கில் மறைந்திருந்தால் டீசலில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். கம்பியைப் போட்டுத் தேய்த்தால் ஸ்டிக்கர் போய்விடும், அதோடு பாதி விலையும் போய்விடும்.

"ஸ்விஃப்ட் ஹெட்லைட்" என்று மட்டும் சொன்னால் போதாது. 2005-ல் வந்த ஸ்விஃப்ட் வேறு, 2011-ல் வந்தது வேறு, 2018-ல் வந்தது வேறு. வருடம், பெட்ரோலா டீசலா, எந்த வேரியன்ட், இடதா வலதா எல்லாம் சொல்ல வேண்டும். இடது வலதில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி எது இடது கையோ அதுதான் இடது. வண்டிக்கு எதிரே நின்று பார்த்துச் சொல்லக் கூடாது.

அலாய் வீல் செட் இருக்கிறது. 14 இஞ்ச் என்று சொன்னால் போதுமா?

போதாது. போல்ட் எத்தனை, அவை எத்தனை மில்லிமீட்டர் வட்டத்தில் நிற்கின்றன என்பதுதான் முக்கியம். கடையில் இதைப் பிசிடி என்பார்கள். ஸ்விஃப்ட்டுக்கும் ஐ10-க்கும் நாலு போல்ட், 100 மி.மீ. ஃபிகோவுக்கு நாலு போல்ட்தான், ஆனால் 108. போலோவுக்கு ஐந்து போல்ட், 100. எட்டு மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, மாட்டும்போதுதான் தெரியும். வீலின் உள்பக்கத்தில் இந்த அளவுகள் அச்சாகியிருக்கும், அதையும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். வெல்டிங் வைத்த அலாய் என்றால் வெல்டிங் வைத்தது என்று சொல்லியே விற்க வேண்டும். நாலு வழிச் சாலையில் நூறில் போகும்போது அது விரிந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நானாக இருந்தால் அதை எடைக்குத்தான் போடுவேன்.

பழைய டயர்?

டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடு இருக்கும், அதன் உயரம் 1.6 மி.மீ. ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் அந்த டயருக்குக் கார் வாழ்க்கை முடிந்தது. மேடு வரை தேயாவிட்டாலும், ஆறு வருடம் தாண்டி ஓரத்தில் வெடிப்பு கண்ட டயரைக் காருக்கு என்று விற்காதீர்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஹைவே எப்படிக் கொதிக்கும் என்பது தெரியும்தானே. டயர் மாட்டு வண்டிக்கோ டிராலிக்கோ கேட்டால், அப்படிச் சொல்லியே கொடுக்கலாம்.

வாங்க வருபவர் எதையெல்லாம் பார்ப்பார்?

தெரிந்த ஆள் என்றால் விலையைக் கேட்பதற்கு முன் பொருளைக் கையில் எடுப்பார். டைனமோ என்றால் புல்லியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிக் காதருகே வைப்பார். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போயிற்று. அப்புறம் புல்லியை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்ப்பார். கடைசியாகப் பக்கத்து ஓட்டை வழியாக மூக்கை வைத்து முகர்வார். காயில் கருகியிருந்தால் அந்த வாடை மாதக் கணக்கில் போகாது. இவ்வளவும் அரை நிமிடம்தான்.

ஹெட்லைட் என்றால் கண்ணாடியை அவர் பார்க்கவே மாட்டார். வெயிலில் மஞ்சளித்த கண்ணாடியைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்துவிடலாம். அவர் பார்ப்பது ஓரத்தில் இருக்கும் காதுகளை. ஸ்க்ரூ மாட்டும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் காது ஒன்று உடைந்திருந்தாலும் லைட் ஆடும், விலை சடாரென்று விழும். அதனால் கழற்றும்போது அவசரப்பட்டு இழுக்காதீர்கள். அதேபோல ஒயரை நறுக்கி எடுப்பதும் கூடாது. ஒயரை இணைக்கும் கப்ளரோடு அரை அடி ஒயரையும் விட்டுக் கழற்றினால் வாங்குபவருக்கு வேலை சுலபம், உங்களுக்கும் நூறு இருநூறு கூடுதலாகக் கிடைக்கும்.

இப்போது எல்லோரும் கேட்கும் இன்னொரு கேள்வி, "தண்ணியில நின்ன வண்டியா சார்?" சென்னையில் 2015-லும் 2023-லும் வெள்ளம், இங்கே 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது. இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), மீட்டர் போர்டு, ஏர்பேக் சென்சார் எதுவாக இருந்தாலும் தண்ணீர் புகுந்தது என்றால் நம்ப முடியாது. உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

இசிஎம் தனியாகப் போகுமா?

பெரும்பாலும் போகாது. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள வண்டிகளில் இசிஎம்மும் சாவியும் ஜோடி. இன்னொரு வண்டியில் மாட்டினால் ஸ்டார்ட் ஆகாது. இசிஎம், இம்மொபிலைசர் யூனிட், சாவி மூன்றையும் செட்டாகக் கொடுத்தால்தான் ஆள் வருவார்.

பழைய பேட்டரியில் இருக்கும் தண்ணீரைக் கீழே ஊற்றிக் காலி செய்து விற்கச் சொல்கிறார்களே?

செய்யாதீர்கள். உள்ளே இருப்பது சல்ஃபியூரிக் ஆசிட், ஈயம் கலந்தது. தோட்டத்தில் ஊற்றினால் கிணற்றுக்குத்தான் போகும். தோல் கழிவால் பாலாறு கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பும் வந்த ஊர் இது, நம் பங்குக்கு ஈயத்தையும் சேர்க்க வேண்டாம்.

பேட்டரி எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான். அதனால் புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொள்வதே நல்ல வழி. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது, ஆக உங்களுடையதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். எடைக்கு எவ்வளவு என்று இரண்டு கடையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சைலன்சரை மட்டும் நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். ஏன்?

சைலன்சரை அல்ல, அதற்கு முன்னால் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைத்தான் கேட்கிறார்கள். அதன் உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கானில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள் பூசியிருக்கும். "ஓட்டை சைலன்சர்தானே சார், எடைக்குக் கொடுங்க" என்று ஒருவர் கேட்டால் உடனே கொடுத்துவிடாமல் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். ஓடும் வண்டியிலிருந்து அதைக் கழற்றி விற்பது வேறு கதை, புகைச் சோதனையில் நிற்காது.

விற்கவே கூடாதவை உண்டா?

உண்டு. ஏர்பேக் முதலில். அதற்குள் இருப்பது நொடியில் வெடித்து வாயுவை உண்டாக்கும் ரசாயனம். கழற்றத் தெரியாமல் கழற்றினால் முகத்திலேயே வெடிக்கும், எத்தனை வருடம் எங்கே கிடந்தது என்று தெரியாத ஏர்பேக்கை நம்பி இன்னொரு குடும்பம் வண்டியில் உட்காரவும் கூடாது. விபத்தில் இழுபட்ட சீட் பெல்ட்டும் அப்படித்தான். பிரேக் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் போன்றவையும் வேண்டாம்.

நம்பர் பிளேட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் நம்பரை மாட்டிக்கொண்டு இன்னொரு வண்டி எங்கே சுற்றினாலும் அபராதச் செய்தி உங்கள் போனுக்குத்தான் வரும். உடைத்து மடக்கிப் போடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கையும் கிழித்து, கணக்கை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிகொண்டா டோலில் யாரோ போனதற்கு உங்கள் பணம் போகும். சேஸிஸ் நம்பர் பொறித்த துண்டு எந்த விலைக்கும் விற்பனைக்கு இல்லை. ஏசி கேஸை வெளிக்காற்றில் திறந்துவிடுவதும் கூடாது. ஆர்134ஏ என்ற அந்த வாயு பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். ஏசி மெக்கானிக்கிடம் மிஷினில் இழுக்கச் சொல்லிவிட்டுக் கம்ப்ரசரைக் கழற்றுங்கள்.

இன்ஜின் இருக்கிறது. அதை விற்கலாமா?

விற்கலாம், ஆனால் கையில் காகிதம் வேண்டும். இன்ஜின் நம்பர் உங்கள் ஆர்சியில் இருக்கிறது. வாங்குபவர் தன் வண்டியில் மாட்டினால் அவருடைய ஆர்சியில் அந்த நம்பரை ஆர்டிஓ அலுவலகத்தில் ஏற்றியாக வேண்டும். அதற்கு அவருக்கு உங்கள் ஆர்சி நகலும் விற்பனை ரசீதும் தேவைப்படும். இவை வேண்டாம் என்று சொல்லி அவசரமாகப் பணத்தை நீட்டுபவரிடம் விற்காதீர்கள்.

வண்டியையே பிரித்து விற்றால் லாபம் என்கிறார்களே?

பாகம் பாகமாகக் கணக்குப் போட்டால் முழு வண்டியைவிட அதிகம் வரும்தான். ஆனால் பாதி பார்ட்ஸ் விற்றுவிடும், மீதிப் பாதி வருடக் கணக்கில் போர்டிகோவில் கிடக்கும். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிரிப்பதென்று முடிவெடுத்துவிட்டால் சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆவது பிரிவின்படி, வண்டி இனி ஓட முடியாத நிலைக்குப் போய்விட்டால் 14 நாளுக்குள், அல்லது முடிந்த அளவு சீக்கிரம், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் ஆர்டிஓவிடம் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். வண்டி வேறு அலுவலகத்தில் பதிவானது என்றால் அவர்களே அங்கே அனுப்பிவைப்பார்கள். டிஎன் 23 வண்டியை வைத்துக்கொண்டு இப்போது ராணிப்பேட்டையில் இருப்பவர்கள் இதற்காக அலையத் தேவையில்லை. கடன் பாக்கி இருந்தால் பேங்க் என்ஓசி (தடையில்லாச் சான்று) முதலில்.

இன்னொரு வழி, 2021 விதிகளின்படி பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்தில் வண்டியை விடுவது. அங்கே வண்டியை ஒப்படைத்ததற்கு டெபாசிட் சான்றிதழ் தருவார்கள். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டினால் சொந்தக் காருக்கான சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் கொடுக்கிறது. 15 வருடம் தாண்டி எப்சி (தகுதிச் சான்று) காட்ட முடியாத வண்டி என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பில் இல்லை. திருட்டுப் பொருள் என்று சந்தேகப்பட்டால்?

பழைய பார்ட்ஸுக்கு யாரிடம்தான் பில் இருக்கிறது! ஒரு வெள்ளைத் தாள் போதும். பொருள், பார்ட் நம்பர், எந்த வண்டியிலிருந்து கழற்றியது, தேதி, தொகை, இருவர் கையெழுத்து. வாங்குபவரின் அடையாள அட்டை நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினாலே பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317-ஆவது பிரிவில் குற்றம். அதனால் நாணயமான கடைக்காரர் தானே இந்தத் தாளைக் கேட்பார்.

ஆன்லைனில் போட்டால் யாரோ க்யூஆர் கோடு அனுப்புகிறார்கள்?

மோசடி. மிலிட்டரியில் இருக்கிறேன், பார்க்காமலே வாங்கிக்கொள்கிறேன், இதை ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்பார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போடச் சொன்னால் உங்கள் பணம் போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

மற்றபடி ஓஎல்எக்ஸ், பேஸ்புக் இரண்டிலும் உள்ளூர்க்காரர்கள் வாங்கத்தான் செய்கிறார்கள். பகலில், மெக்கானிக் கடை வாசலில் வரச் சொல்லுங்கள். வீட்டு முகவரி தேவையில்லை.

நேராகச் சென்னையின் பழைய பார்ட்ஸ் சந்தையான புதுப்பேட்டைக்கே கொண்டுபோனால் என்ன?

சென்னை ஏறக்குறைய 140 கிலோமீட்டர், பெங்களூரு சிவாஜிநகர் 200-க்கு மேல். ஒரு டெயில் லேம்ப்புக்காகப் போனால் டீசல் காசுகூடத் தேறாது. அங்கே வியாபாரி தினமும் இதையே பார்ப்பவர், நீங்கள் திரும்பத் தூக்கிக்கொண்டு போக மாட்டீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, விலை பேசி, முன்பணம் வந்த பிறகு லாரி ஆபீஸில் பார்சல் போடுங்கள். ஆயில் ஒழுகும் பொருளை அவர்கள் ஏற்க மாட்டார்கள், வடித்துத் துடைத்துக் கட்டுங்கள். சித்தூரிலிருந்தும் காட்பாடி வழியாக ஆள் வந்து எடுத்துப்போவது உண்டு. தெலுங்கில் நாலு வார்த்தை பேசினால் பேரம் இன்னும் சுலபம்.

விற்ற பிறகு ரிப்பேர் என்று திருப்பிக் கொண்டுவந்தால்?

மின்சாரப் பொருளுக்கு மட்டும் "மாட்டிப் பாருங்க, ரெண்டு நாளைக்குள்ள சொல்லுங்க" என்று வாய்தா கொடுப்பது இங்கே வழக்கம். கொடுக்கும் முன் பொருளில் ஒளிந்த இடத்தில் பெயின்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். உங்கள் நல்ல பொருளை வைத்துக்கொண்டு வேறு கெட்டதைத் திருப்பித் தரும் ஆட்களும் இருக்கிறார்கள்.

ஒரு வருடமாகியும் போகவில்லை. என்ன செய்வது?

ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பையன் பக்கத்தில் யாராவது இருந்தால் கேளுங்கள். பிரித்துப் பார்க்கப் பழைய கார்புரேட்டரும் டைனமோவும் கிடைத்தால் அவனுக்குக் கொண்டாட்டம். அவனும் வேண்டாம் என்றால் செம்பு, அலுமினியம், இரும்பு என்று பிரித்துவிட்டுக் காயலான் கடைக்குப் போங்கள். கலந்து போட்டால் எல்லாமே இரும்பு விலைக்குத்தான் போகும்.